தாடிக்குள்ள போற காத்து

அந்த மிஷின மட்டும் அணைச்சிருங்க அண்ணாச்சி. வேண்டாம், கிட்டக் கொண்டு வராதீங்க. சத்தம்தான், வேற ஒண்ணுமில்ல. காதுப் பக்கத்துல ங்ங்ஙன்னு ஒண்ணு சுத்துனா எனக்கு இப்பம் நெஞ்சு படபடன்னு வருது. கத்தரிக்கோலு போதும். கத்தரிச்சிட்டுக் கத்தி போட்டிருங்க. நேரம் ஆனா ஆகட்டும்.

இருங்க, இருங்க. அதுக்குள்ள தாடியப் புடிச்சிட்டீங்களே. ஒரு நிமிசம் கண்ணாடியில பாத்துக்கிடுதேன்.

நல்லாத்தான் வளந்திருக்கு, என்ன? பாதி நரை, மீதி மரத்தூசி. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா நேரா எங்கிட்ட வந்து கைய நீட்டி திருநூறு கேக்குது. நான் வேதக்காரன் தாயி, எங்கிட்ட மரத்தூளுதான் இருக்குன்னேன். அதையாவது குடுங்கங்குது. சிரிக்காதீங்க. கொஞ்சம் தட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

என்ன கேட்டீங்க? ஆங், மாஸ்க்கு. மூக்குக்கு மூடி வாங்குனவன் தாடிய எதுக்குய்யா எடுக்கணும்னு கேட்டீங்கள்லா. நியாயமான கேள்விதான். இந்தாங்க, பையிலயே கெடக்கு, எடுத்துப் பாருங்க. ரப்பர்ல ஒரு மூஞ்சி, ரெண்டு பக்கமும் வட்டமா ரெண்டு டப்பா. ஆமா, பன்னி மூஞ்சி மாதிரித்தான் இருக்கு. எங்க பக்கத்து வீட்டு மாடத்தியும் அதத்தான் சொன்னா. இத மூஞ்சில வச்சு வாரை இறுக்கிட்டு, ரெண்டு டப்பாவையும் உள்ளங்கையால பொத்திக்கிட்டு மூச்ச உள்ள இழுக்கணும். இழுத்தா கன்னத்தோட கவ்வணும், ஆட்டுக்குட்டி மடுவக் கவ்வுன மாதிரி. கவ்வுனா உள்ள தூசி வராது. எனக்குக் கவ்வல. தாடை, கன்னம், தாடி இருக்க எடம் பூரா உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்து வருது. காத்து வார எடத்துல தூசி வராமலா இருக்கும்? நாலு நாள் முள்ளுத்தாடி இருந்தாலே ஒழுகுமாம். எனக்குப் பாருங்க, நெஞ்சு வரைக்கும் தொங்குது.

அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு அண்ணாச்சி. தாடியச் சுருட்டித் துணியக் கட்டிப் பாத்தேன். வாசலினத் தடவிப் பாத்தேன். தூசி பூரா வாசலின்ல ஒட்டி, சாயங்காலம் தாடி முறுக்கு மாவு மாதிரி ஆயிட்டு.

சரி, வெட்டுங்க. கீழேருந்து வெட்டுங்க. மெதுவா.

என் வேலைதான் தெரியும்லா உங்களுக்கு. கடைசல். கழுகுமலை ரோட்டுல வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய் போட்டு, அதுல ஒரு மிஷினு. கட்டைய மாட்டிச் சுத்தவிட்டு உளிய வச்சா, உருண்டு திரண்டு வரும். முதல்ல கட்டில் காலும் தொட்டில் கம்பும்தான் கடஞ்சேன். இப்பம் மரக் கிண்ணம். கொடைக்கானல்ல ஒரு கடைக்காரவிய வாங்கிக்கிடுதாவ. யாரும் சொல்லித் தரல. பஞ்சு மில்ல மூடுன பொறவு போன்ல பாத்துப் பாத்துப் படிச்சது. ஒரு வெள்ளக்காரன் கடையுவான். அவன் பேசுறது ஒரு எழுத்துப் புரியாது. அவன் கையி புரியும்.

ஆனா மரம் சும்மா விடாது அண்ணாச்சி. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரிப் பழி வாங்கும். வேம்பக் கடஞ்சா சாயங்காலம் காப்பி குடிச்சாலும் கசக்கும். வாகையக் கடஞ்சா தும்மல், அடுக்குத் தும்மல், மிஷின அணைச்சிட்டு வெளிய ஓடணும். மஞ்சணத்தின்னா சளியே மஞ்சளா வரும், பாத்தவனுக்குக் காமாலைன்னு தோணும். பூவரசுதான் ஒண்ணும் காட்டிக்கிடாது. நல்ல பிள்ளை மாதிரி இருந்துக்கிட்டு உள்ள போய் உக்காந்துக்கிடும். சீவல்ல பயமில்ல, அது பெருசு, கீழ விழுந்துரும். கடைசியா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது ஒரு பொடி கெளம்பும் பாருங்க, புகை மாதிரி. அது விழவே விழாது. மிஷின நிப்பாட்டின பொறவும் அந்தரத்துலயே நிக்கும். தகரத்துல ஒரு ஆணி ஓட்டை இருக்கு, அது வழியா வெயிலு விழும்போதுதான் தெரியும், அம்புட்டும் நம்ம மூஞ்சிக்கு நேரா மெதக்குறது.

கரிசக்காட்டுப் புழுதியில பெறண்டவன், மில்லுல பஞ்சத் தின்னவன், நம்மள இது என்ன செஞ்சிரும்னுதான் இருந்தேன். சாயங்காலம் ஒரு துண்டு கருப்பட்டிய வாயில போட்டுக்கிடுவேன், தூசிய இழுத்துட்டுப் போயிரும்னு. மில்லுல வெல்லம் திம்போம்லா, அந்தப் பழக்கம். மூச்சு முட்ட ஆரம்பிச்ச பொறவு தூத்துக்குடியில ஒரு டாக்டர்ட்ட போனேன். அவிய நெஞ்சுப் படத்த வெளிச்சத்துல புடிச்சுக்கிட்டே கேட்டாவ, தூசிக்கு என்ன பாதுகாப்பு வச்சிருக்கேருன்னு. கருப்பட்டிய்யான்னேன். படத்தக் கீழ வச்சிட்டாவ. கருப்பட்டி போறது ஒரு பாதை, தூசி போறது ஒரு பாதை, ரெண்டும் எங்கயும் சந்திக்காதுய்யான்னாவ. ஒண்ணு வேலைய விடும், இல்லன்னா மூக்க மூடும். மூணாவதா ஒண்ணு இருக்கு, அத நான் என் வாயால சொல்ல மாட்டேன்னுட்டாவ.

வேலைய எங்க அண்ணாச்சி விட? எங்க வீட்ல அஞ்சலின் படுத்துக் கெடக்காள்லா. ஆமா, போன வருசம் உளுந்து புடுங்குற சமயத்துல வாதம் வந்து விழுந்தவதான். வலது கை இப்பம் கொஞ்சம் அசையுது. காலு வரல. பேச்சு வரல. வெளிய ஒரு ஷிப்டுக்குப் போனா அவள யாரு பாப்பா? பிள்ளகுட்டியா இருக்கு எங்களுக்கு? கடைசல்னா வீட்டுக்குப் பின்னாடி. சன்னலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ஒரு காதச் சன்னல்ல வச்சிட்டு வேலை பாக்கலாம்.

அவ கொரல நீங்க கேட்டதில்லல்லா? கேட்டிருந்தா மறந்திருக்க மாட்டீங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல அம்புட்டுப் பொம்பளைக பேச்சுக்கு நடுவுல பேசிப் பழகுன கொரலு. ஒரு தடவ வாசல்ல நின்னு என்னையக் கூப்பிட்டா பாருங்க, ரோட்டுல போற கழுகுமலை பஸ்ஸு பிரேக்கப் போட்டு நின்னுட்டு. டிரைவர் எட்டிப் பாத்து, ஏறுதியளாம்மாங்கான். உம்ம யாரு கூப்பிட்டா, எம் புருசனக் கூப்பிட்டேன், நீரு போம்ங்கா.

கூப்பிடுறதுலயும் ஒரு கணக்கு வச்சிருந்தா. முதல்ல யே இங்கேருங்கன்னு ஒண்ணு. மிஷினு சத்தத்துல நான் திரும்பலன்னா ரெண்டாவது, காது என்ன அவிஞ்சா போச்சுன்னு வரும். அந்த ரெண்டாவதுக்குத்தான் தெருவே காத்துக்கிட்டிருக்கும். ஏலே, ஜான்பீட்டருக்குக் காது அவிஞ்சிட்டாம்லான்னு சின்னப் பயலுக வரைக்கும் சொல்லிச் சிரிப்பானுவ. சமயத்துல முதலாவது கேட்டாலும் கேக்காத மாதிரி இருப்பேன், அந்த ரெண்டாவதுக்காக. மூணாவது தடவ மட்டும் கூப்பிட மாட்டா. நேரா கரண்டியோட வந்து நிப்பா.

அவ படுத்த பொறவு எங்க தெருவுல நாய் கொரைக்குறது கேக்குது அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி நாய் இருந்ததே தெரியாது.

ஒரு பக்கம் போயிருச்சா? அதுக்குள்ளயா? காட்டுங்க. ஏயப்பா. கன்னம் இப்படி ஒட்டிப் போயா கெடக்கு.

எதுக்கு வளத்தேனா? சோம்பேறித்தனம்னு நெனச்சீங்களா. இல்ல அண்ணாச்சி, அது நேர்ச்சை. அவ விழுந்த வாரம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் போய், தரையில முட்டி போட்டு, அந்தோணியாரே, அவ கொரல் என் காதுல விழணும், விழுந்த அன்னைக்கி வந்து முடி குடுக்கேன், அதுவரைக்கும் எந் தலையிலயும் மூஞ்சியிலயும் கத்தி படாதுன்னு...

கத்தரிய ஏன் கீழ வச்சிட்டீங்க?

அண்ணாச்சி. செல்வமாரி அண்ணாச்சி. அங்கன எங்க போறீங்க? பாதி தாடியோட என்னைய உக்கார வச்சிட்டு எங்க போறீங்க? பதறாதீங்க. உங்களுக்குப் பாவம் வராது, வந்தா எனக்கு. ஆமா, நேர்ச்சை முடியாம முடி எடுக்கக் கூடாதுதான். எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா. சொல்லுதேன், முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு எடுக்கதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் கத்தரியத் தொட வேண்டாம். போதுமா?

அது எங்க போற பஸ்ஸு? சங்கரன்கோயில் வண்டியா? சரி. இல்ல, சும்மாதான் பாத்தேன். மாடத்திய அவகூட உக்கார வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். ஏதாவதுன்னா போன் அடிப்பா. சத்தம் வச்சிருக்கேனா? ம், வச்சிருக்கேன்.

நேர்ச்சையக் கெடுக்கக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி நான் இம்புட்டு நாளும் முட்டுனது. தாடியும் இருக்கணும், தூசியும் போகக் கூடாது, மூஞ்சிக்கும் காவல் வேணும். மூஞ்சிக்கு எதுக்கா? சுத்துற கட்டை தெறிக்கும்லா. அவ நல்லா இருக்கும்போது ஒரு நாள், வாகைக் கட்டை ஒண்ணு, உள்ள விரிசல் இருந்தது தெரியல, சுத்துன வேகத்துல பொளந்து ஒரு துண்டு எங் காத உரசிக்கிட்டுப் போய் சுவத்துல காலண்டர்ல அடிச்சுது. அந்தோணியார் படம் போட்ட காலண்டரு. நேரா நெத்தியில. அவ ஓடி வந்து பாத்துட்டு, அவருக்கும் சேத்து ரெண்டு ஹெல்மெட் வாங்குங்கங்கா.

அப்பம் வாங்குனது கொரோனாவுக்குப் போடுவாங்கள்லா, நெத்தியில பஞ்சு வச்ச பிளாஸ்டிக் தாளு, அது. அதுல கட்டை பட்டா கட்டையோட சேந்து அதுவும் கண்ணுக்குள்ள வந்துரும். பொறவு தடியான ஷீல்டு ஒண்ணு வாங்குனேன், உருக்கு அறுக்கவன் போடுறது. அது நல்ல காவலு. ஆனா அதுக்குள்ள வெள்ள மாஸ்க்கப் போட்டா மூச்சுப் பட்டு ஷீல்டு பூரா பனி மூடிரும். தொடைக்கணும்னு துண்டால தொடச்சேன், அது பெரிய தப்பு. தூசியோட தொடச்சா உப்புத்தாள் போட்ட மாதிரி கீறல் விழுந்துரும். தண்ணியில அலசணும். எனக்கு அது தெரியுறதுக்குள்ள அந்த ஷீல்டு வழியாப் பாத்தா உலகமே மார்கழி மாசம் மாதிரி ஆயிட்டு.

அப்பந்தான் டெனிஸு வந்தான். அஞ்சலினுக்குத் தம்பி, கப்பலுக்குப் பெயிண்டு அடிக்கிற கம்பெனியில இருக்கான். அத்தான், தாடிக்காரனுக்குன்னே ஒரு ஐட்டம் இருக்குன்னு ஒரு பெட்டியக் கொண்டாந்து பிரிச்சான். ஹெல்மெட்டு. முன்னாடி தடியான ஷீல்டு. இடுப்புல பேட்டரியும் ஃபேனும். ஃபேனு தூசிய வடிகட்டி, முதுகு வழியா ஒரு குழாயில காத்த ஏத்தி, உச்சந்தலையில இருந்து மூஞ்சி மேல எறக்கும். கவ்வ வேண்டாம், இறுக்க வேண்டாம். உள்ளயிருந்து காத்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கதுனால தூசி உள்ள வர வழியே இல்ல. தாடிய உள்ள விட்டு, கழுத்துல துணியச் சுருக்கிட்டா முடிஞ்சுது. பனி மூடாது. கண்ணாடி போட்டுக்கிடலாம். இன்னொரு வகை இருக்காம், ஃபேனு தலையிலயே இருக்குமாம், அது கழுத்த ஒடிச்சிரும்னு இதக் கொண்டாந்தேன்னான்.

சொன்னா நம்ப மாட்டீங்க. முதல் நாளு அத மாட்டிக்கிட்டு வேம்பக் கடைஞ்சேன். வாயி கசக்கல. கத்திரி வெயில்ல, தகரக் கொட்டாய்க்குள்ள, மூஞ்சில கொடைக்கானல் காத்து. சாயங்காலம் மூக்கச் சிந்துனா சுத்தமா தண்ணி. அந்தோணியாரே, உம்ம தாடியும் தப்பிச்சுது, எந் நெஞ்சும் தப்பிச்சுதுன்னு அந்த நெத்தியில குழி விழுந்த காலண்டரப் பாத்துச் சிலுவை போட்டுக்கிட்டேன்.

அதான் கேக்கீங்க, பொறவு என்ன, அதையே போட்டுக்கிட வேண்டியதுதானன்னு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

சத்தம் அண்ணாச்சி. அந்த ஃபேனு சத்தம். பெருசா இல்ல, இந்தா உங்க மிஷினு போட்டுச்சே, அம்புட்டுத்தான். எங் கடைசல் மிஷினு அத விடப் பெருசாக் கத்தும். ஆனா அது வெளிய இருக்க சத்தம். வருசக்கணக்கா அதுக்கு நடுவுல காது வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அவ கூப்பிட்டா கேக்கும், பால்காரன் பெல்லு கேக்கும். இது மண்டைக்குள்ள இருக்க சத்தம். காத்து காது பக்கமா எறங்கும்போது ஊஊன்னு, கெணத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி. அதத் தாண்டி ஒண்ணும் வராது.

மணி குடுக்கலாமா? குடுத்தேனே. மேசை மணி ஒண்ணு வாங்கி இடது கைப் பக்கம் வச்சேன். எடுத்து என் மேலயே எறிஞ்சா. டெனிஸு கயிறு ஒண்ணு கட்டி, இழுத்தா கொட்டாயில செவப்பு பல்பு எரியுற மாதிரி செஞ்சு குடுத்தான். கயித்த ஒரு பார்வை பாத்தா பாருங்க, நான் என்ன பஸ்ஸு கண்டக்டராங்கிற மாதிரி. இழுக்கவே மாட்டேங்கா. பெட்டு நனஞ்சு கெடந்தாலும் இழுக்க மாட்டா. வாயத் தொறந்து தொறந்து பாப்பா. தொண்டை நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்கும். காத்துதான் வரும். கூப்பிட்டாத் தன் வாயால கூப்பிடணும், அம்புட்டு வீம்பு.

அதனால கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ ஹெல்மெட்டக் கழத்திட்டுச் சன்னல்ல போய்ப் பாப்பேன். கழத்துனா அந்தரத்துல நிக்கிற தூசி மூக்குல ஏறும். போட்டா காது போகும். கழத்தவும் மாட்டவும் இதே பொழப்பாப் போச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உளி ஓடுற எடத்துல மனசு நிக்கல, மூணு கிண்ணத்த ஓட்டை போட்டுட்டேன்.

அதெல்லாம் நேத்து வரைக்கும்தான். நேத்து மத்தியானம் அவ பேசிட்டாள்லா.

ம்? ஆமா. பேசிட்டா.

உக்காருங்க அண்ணாச்சி, எதுக்கு எந்திரிக்கீங்க. கையெல்லாம் குடுக்காதீங்க. எங் காதுல அது விழலியே.

பூவரசுக் கிண்ணம் ஒண்ணுக்கு உப்புத்தாள் போட்டுக்கிட்டிருந்தேன். நல்ல கட்டை, உள்ள கருஞ்செவப்பா ரேகை. இத முடிச்சிட்டுப் போய்ப் பாப்போம்னு இருந்தேன். முதுகுல ஒரு அடி விழுந்துச்சு. திரும்புதேன், மாடத்தி நிக்கா. ஷீல்டுக்கு அந்தப் பக்கம் அவ வாயி தொறக்குது, மூடுது, கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா சிரிக்கா. ஒரு எழுத்துக் கேக்கல. அழுறாளா சிரிக்காளா, யாரு செத்தான்னு தெரியல. ஃபேன அணைக்கணும்னுகூடத் தோணல. அவளே எந் தலையில இருந்து அதப் புடுங்கி எறிஞ்சிட்டு, யோவ், ஒம் பொஞ்சாதி கூப்பிட்டாய்யாங்கா.

எப்படிக் கூப்பிட்டான்னு கேட்டேன். மாடத்தி கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கா. முதல்ல யே-ன்னு ஒண்ணு வந்துச்சாம், ஆடு கத்துன மாதிரி. எங்கயோன்னு இருந்திருக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது. வார்த்தை கோணலா, நாக்கு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, ஆனா முழுசா. காது என்ன அவிஞ்சா போச்சு.

அப்படியே. அதே வார்த்தை.

ஓடுனேன். பேட்டரி இடுப்புல தொங்க, குழாய இழுத்துக்கிட்டு ஓடுனேன். அவ சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக் கெடக்கா. கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் மண்டி போட்டு, அஞ்சலின், இன்னொரு தடவ, ஒரே ஒரு தடவன்னேன். கண்ண மூடிக்கிட்டா. கையப் புடிச்சேன், உருவிக்கிட்டா. கோவம். நெசமான கோவம். அவதான் மூணாவது தடவ கூப்பிட மாட்டாளே அண்ணாச்சி. மூணாவதுன்னா கரண்டியோட எந்திரிச்சு வரணும். அவளால வர முடியல.

ராத்திரிக் கஞ்சிய என் கையால வாங்கல. மாடத்தி குடுத்தா குடிச்சா.

இப்பம் சொல்லுங்க, நேர்ச்சை முடிஞ்சுதா இல்லியா? என் காதுல விழணும்னு சொல்லித் தொலைச்சிருக்கேன். மாடத்தி காதுல விழுந்தா கணக்கா? அவ சொல்லுதா, சாமி என்ன வக்கீலா, நீ சொன்ன வார்த்தையப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க, பேசுனா பேசுனதுதான், போய் மொட்டையப் போடுன்னு. அவ அவ பங்குக்கு மாரியம்மனுக்குத் தேங்காயே உடச்சிட்டா. எனக்கு மனசு ஒப்பல. எங் காதுல விழாததுக்கு நான் எப்படி முடி குடுப்பேன்?

ஆனா ஒண்ணு மட்டும் விளங்கிட்டு. அவ பேசணும்னு வளத்த தாடி. தாடி இருந்ததுனால ரப்பர் மூடி கவ்வல. அது கவ்வாததுனால ஹெல்மெட்டு. ஹெல்மெட்டுனால அவ பேசுனது கேக்கல. சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்குது பாத்தீங்களா.

காலையில அந்தக் காலண்டருட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கதுதான உம்ம வேலை, நீரு சரியாத்தான் கொண்டாந்து குடுத்தீரு, வாங்க வேண்டியவன் வாசல்ல இல்லாமப் போயிட்டேன். தலைமுடி உமக்கு, அதுல கை வைக்க மாட்டேன். அவ கொரல் கேட்ட அன்னைக்கி புளியம்பட்டிக்கு வந்து குடுக்கேன். தாடிய மட்டும் நான் எடுத்துக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீரும்னேன். நெத்திக் குழியோட பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க. பாதி தாடியோட எந்திரிச்சுப் போறதா?

சோப்பு பிரஷ்ஷ எடுத்துட்டீங்களா? ம். போடுங்க. நல்லா நுரை வரப் போடுங்க. கண்ணத் தொடச்சுக்கிடுங்க முதல்ல, கத்தி புடிக்கிற கை. தாடைக்குக் கீழ இந்த மடிப்புல பாத்து எடுங்க, அங்கனதான் ரொம்ப ஒழுகுச்சு. மூக்கோரமும். ஒரு மயிரு நிக்கக் கூடாது. நான் பேசல. வாய மூடிக்கிட்டேன்.

முடிஞ்சுதா? தண்ணி போதும். அந்தப் பக்கம் தொடச்சு விடுங்க. ஐயோ, யாரு இது, எங்க அப்பன் மூஞ்சி மாதிரில்லா இருக்கு.

அந்த மூடிய எடுங்க. வாரை ரெண்டையும் பின்னால இழுத்து மாட்டி விடுங்க. இருங்க, பொத்திப் பாக்கேன்.

கவ்வுது அண்ணாச்சி. கவ்வுது. உஸ்ஸுங்கல.

சிரமத்தப் பாக்காம இன்னும் ஒரே ஒரு காரியம். வாசலுக்கு வெளிய, அந்த வேப்ப மரத்துக்கிட்ட போய் நில்லுங்க. நான் சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிடுதேன். மூடியப் போட்டுக்கிட்டே காதுல விழுதான்னு பாக்கணும், அங்கன நின்னு என்னைய ஏதாவது ஏசுங்க. என்ன வேணாலும் ஏசுங்க, கூச்சப்படாதீங்க. சத்தமா வேண்டாம், மெதுவா. அவளுக்கு இன்னும் சத்தம் எழும்பல.

ம், போங்க. ஏசுங்க.